தானசிந்தாமணி அத்திமப்பே: குடிவழி வந்த பெருமையும் கொடைவழி வந்த பட்டமும்

கி.பி. 10ஆம் நூற்றாண்டு கன்னட நாட்டுச் சமண வரலாற்றில் ஒளிமிக்க காலம். அந்நூற்றாண்டில்தான் பம்பர் கி.பி. 941இல் ஆதிபுராணத்தை இயற்றினார். சாவுண்டராயர் சிரவணபெளகொளக் குன்றின் உச்சியில் கோமடேசுவரரின் திருவுருவை எழுப்பினார். இவ்விரு பெயர்களையும் தமிழ்ச் சமணர் நன்கறிவர். இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மூன்றாவது பெயர் ஒன்று உண்டு. அது ஒரு பெண்மணியின் பெயர். அவரே அத்திமப்பே அம்மையார். கன்னட நாட்டில் இன்றும் 'தானசிந்தாமணி' என்ற பட்டத்தோடு சேர்த்தே அவர் பெயரைக் கூறுவர். தமிழகத்திலிருந்து கோமடேசுவரரைத் தரிசித்து வருவோர் பலர். ஆயினும் அவ்வம்மையாரின் வரலாறு நம்மிடையே பரவலாக அறியப்படவில்லை. அவர் பிறந்த குடி, புகுந்த குடி, அவர் செய்த அறங்கள், அவ்வறங்களின் வழியே வந்த பட்டம் ஆகியவற்றைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டம் வரும் வழிகள்

இடைக்காலத் தென்னகத்தில் பட்டம் என்பது வெறும் புகழ்ச்சொல் அன்று. அது பதவியையும் நிலத்தையும் படையையும் குறித்தது. தந்தையிடமிருந்து மகனுக்கும், தமையனிடமிருந்து தம்பிக்கும் அது வழிவழியாக வந்தது. பெண்களுக்கோ பெரும்பாலும் பிறந்த வீட்டின் பெருமையும் புகுந்த வீட்டின் பெருமையுமே பெயருக்கு முன்னால் அணிகளாக நின்றன. இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே கல்வெட்டுகள் அவர்களை அறிமுகம் செய்கின்றன.

இதற்கு விலக்காகப் பதவியையே மரபுரிமையாகப் பெற்ற சமணப் பெண்மணி ஒருவரும் உண்டு. இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் காலத்தில், கி.பி. 911ஆம் ஆண்டளவில், வனவாசிப் பகுதியில் நாகரகண்டம் எழுபது என்னும் நாட்டுப் பிரிவின் தலைவனாகிய நாகார்ச்சுனன் இறந்தான். எழுபது ஊர்களைக் கொண்ட அப்பகுதியின் நாட்டுக் காமிண்டப் பதவியை அரசு அவன் மனைவி ஜக்கியப்பேயிடம் ஒப்படைத்தது. அவ்வம்மையார் பெண்ணாயினும் ஆற்றலில் குறைவின்றி நாட்டை ஆண்டார் என்றும், ஜினசாசனத்தில் பற்றுடையவர் என்றும் கல்வெட்டுப் பாராட்டுகிறது. பின்னர் நோயுற்றபோது உலக இன்பங்கள் சாரமற்றவை எனத் தெளிந்து, தம் மகளை அழைத்து உடைமைகளையெல்லாம் அவளிடம் ஒப்புவித்து, பற்றறுத்து, பந்தணிகை என்னும் தீர்த்தத்தை அடைந்து, அங்குள்ள பசதியில் நோன்பிருந்து சல்லேகனை முறையில் உயிர் நீத்தார். கணவனிடமிருந்து வந்த பொறுப்பை ஏற்றார். தம் கடமை முடிந்ததும் மகளிடம் ஒப்படைத்தார்.

ஜக்கியப்பே பெற்றது ஆட்சியுரிமை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அதே கன்னட நாட்டில் அத்திமப்பேக்கு வாய்த்த மரபுரிமையோ வேறு வகையினது. அதனை அறிய அவர் பிறந்த குடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த குடி

அத்திமப்பேயின் முன்னோர் வேங்கி மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியே பழைய வேங்கி மண்டலம். அங்கே கம்மைநாட்டில் வாழ்ந்த நாகமய்யர் என்பவரே இக்குடிக்கு அறியப்பட்ட மூத்தவர். இவர்கள் கௌண்டின்ய கோத்திரத்து அந்தணர். ஜின அறத்தைப் போற்றியவர்கள். நாகமய்யரின் புதல்வர்கள் மல்லபய்யரும் புன்னமய்யரும் ஆவர். மல்லபய்யரின் மகளே அத்திமப்பே. அவருடைய இளைய சகோதரி குண்டமப்பே.

மல்லபய்யரும் புன்னமய்யரும் போர்த்தொழிலில் வல்லவர்கள். ஆயினும் இலக்கிய வரலாறு அவர்களை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்திற்காக. இச்சகோதரர்களின் ஞானகுரு ஜினசந்திரதேவர் என்னும் முனிவர். அவர் வீடுபேற்றுநெறி எய்தியதை நினைவுகூரும் பொருட்டு, தீர்த்தங்கரர் ஒருவரின் வரலாற்றைக் காவியமாக இயற்றுமாறு சகோதரர் இருவரும் பொன்னர் என்னும் பெரும்புலவரை வேண்டினர். அவ்வேண்டுகோளால் பிறந்ததே சாந்திபுராணம். பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் வரலாற்றைப் பன்னிரண்டு ஆசுவாசங்களில் பாடும் சம்பு காவியம் அது; செய்யுளும் உரைநடையும் விரவியது.

பொன்னர் எளிய புலவர் அல்லர். இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணனிடம் 'உபயகவிச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் பெற்றவர். வடமொழி, கன்னடம் ஆகிய இரண்டிலும் கவிபாட வல்லவர் என்பது அப்பட்டத்தின் பொருள். பம்பர், பொன்னர், ரன்னர் ஆகிய மூவரையும் கன்னட இலக்கியத்தின் மும்மணிகள் என்று போற்றுவர். அம்மும்மணிகளுள் ஒருவர் தம் குடும்பத்தின் வேண்டுகோளுக்கிணங்கப் பாடிய காவியம், அத்திமப்பே பிறந்த வீட்டின் பெருஞ்செல்வம். நிலமும் பொன்னும் ஆண்மக்களிடம் சென்றிருக்கலாம். ஆனால் சாந்திபுராணத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மகளே.

சாந்திநாதர் தீர்த்தங்கரராக மட்டுமன்றிச் சக்கரவர்த்தியாகவும் விளங்கியவர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆறு கண்டங்களின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அதனைத் துறந்தே அவர் அறவாழி உருட்டினார். மரபுவழி வந்த செல்வத்தை என்ன செய்வது என்ற வினாவுக்கு விடையாகவே அமைந்த வரலாறு அது. அக்காவியத்தைக் கேட்டு வளர்ந்த பெண்ணின் பிற்கால வாழ்வில் அதன் சாயல் தென்படுவதில் வியப்பில்லை.

புகுந்த குடி

கி.பி. 973இல் தக்காணத்தின் அரசியல் பெரும் மாற்றம் கண்டது. இரண்டாம் தைலபன் இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கர்க்கனை வென்று மேலைச் சாளுக்கிய அரசை மீண்டும் நிறுவினான். அப்புதிய அரசில் உயர்ந்த அமைச்சராக விளங்கியவர் தல்லபர். அவருடைய மகன் நாகதேவன் படைத்தலைவன். இந்நாகதேவனுக்கே அத்திமப்பே வாழ்க்கைப்பட்டார். அவருடைய தங்கை குண்டமப்பேயும் அவனையே மணந்தார். உயர்குடியினரிடையே அக்காலத்தில் அது வழக்கிலிருந்த முறை.

இவ்வாறு தந்தை வழியில் புலமையைப் போற்றிய குடியும், கணவன் வழியில் ஆட்சியில் ஓங்கிய குடியும் அத்திமப்பேயிடம் வந்து கூடின. அமைச்சரின் மருமகள், படைத்தலைவனின் மனைவி என்ற சிறப்புகளோடு அவர் மாளிகை வாழ்வு வாழ்ந்து முடித்திருக்கக் கூடும். அவ்வாறாயின் வரலாறு அவர் பெயரை மறந்திருக்கும்.

நாகதேவன் இளமையிலேயே போர்க்களத்தில் வீழ்ந்தான். அத்திமப்பேக்கு ஒரே மகன். ரன்னர் அவனை அண்ணிகதேவன் என்பார். கல்வெட்டு அவனைப் படெவள தைலன் என்று குறிக்கும். படெவள என்பது படைத்தலைவனைக் குறிக்கும் சொல். தந்தையின் பதவியும் பட்டமும் பின்னாளில் இம்மகனுக்குச் சென்றன என்பதை அப்பெயரே காட்டுகிறது.

உடன்பிறந்தார் இருவர், வழிகள் இரண்டு

கணவன் இறந்தபோது இளையவர் குண்டமப்பே அவனோடு தீப்புகுந்து உயிர் நீத்தார். மூத்தவர் அத்திமப்பே அவ்வாறு செய்யவில்லை. கைக்குழந்தையை வளர்க்கும் கடமையும், ஜின அறத்தில் வேரூன்றிய தெளிவும் அவரை வாழச் செய்தன. நோன்புகளை மேற்கொண்டு, உணவைக் குறைத்து, அணிகலன் துறந்து, இல்லத்திலிருந்தே துறவியரைப் போல வாழ்ந்தார்.

இம்முடிவை எளியதாகக் கருதலாகாது. வீரர் குடியில் கணவனோடு மாய்வது பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. தங்கை சென்ற வழியை ஊர் புகழ்ந்திருக்கும். தமக்கை உயிரோடிருப்பதை ஊர் வேறு கண்ணால் பார்த்திருக்கும். ஆனால் ஜின அறம் இதில் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தீயில் வீழ்தலையும் மலையினின்று வீழ்தலையும் உலகமூடம், அதாவது உலகியல் மயக்கம், என்று வகுத்துள்ளார். அந்நூலின் வழியில் அமைந்ததே நம் அருங்கலச்செப்பு. நற்காட்சி உடையார்க்கு இம்மயக்கங்கள் ஆகா என்பது தமிழ்ச் சமணரும் கன்னடச் சமணரும் ஒருங்கே பயின்ற பாடம். அத்திமப்பே அப்பாடத்தைத் தம் வாழ்வில் கடைப்பிடித்தார் என்றே கொள்ளலாம்.

குண்டமப்பேயை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. அவர் தம் காலத்தின் பிள்ளை. அவருடைய அன்பும் துயரும் உண்மையானவை. ஆனால் அந்த ஒரு நாளில் அத்திமப்பேயும் தீப்புகுந்திருந்தால் பின்வரும் செய்திகளில் ஒன்றும் நிகழ்ந்திராது. மும்மணிகளுள் இருவரின் காவியங்கள் நமக்குக் கிடைத்த வரலாறே வேறாகியிருக்கும்.

ஆயிரம் படிகள்

சாந்திபுராணத்தைப் பாடிய பொன்னர் இராட்டிரகூட அவையின் புலவர். அவ்வரசு வீழ்ந்தது. அவையின் ஆதரவில் வாழும் நூலுக்கு அவை மறைந்தபின் படியெடுப்பார் குறைவர். ஏட்டுச்சுவடியின் வாழ்நாளோ அளவுடையது. பூச்சியும் ஈரமும் புகையும் அதனை அரிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஏட்டில் படியெடுத்தால்தான் நூல் வாழும். எடுக்காவிடில் கடைசி ஏடு நொறுங்கும் நாளே நூலின் இறுதிநாள்.

அத்திமப்பே தம் சொந்தச் செலவில் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அதனோடு பொன்னாலும் மணியாலும் ஆயிரத்து ஐந்நூறு ஜினப் படிமங்களைச் செய்வித்தும் அளித்தார். அச்சு இயந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த செயல் இது.

ஆயிரம் படிகள் என்பதன் அளவை இக்காலத்தார் உணர்வது கடினம். பனையோலையைப் பருவமறிந்து வெட்ட வேண்டும். நரம்பு நீக்கி, உலர்த்தி, பதப்படுத்தி, மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட வேண்டும். அதன் பின்னரே எழுத்தர் கை வைப்பார். எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்க மற்றொருவர் வேண்டும். பின்பு சட்டம் பூட்டிக் கயிறு கோக்க வேண்டும். பன்னிரண்டு ஆசுவாசமுடைய காவியத்தை ஓர் எழுத்தர் ஒரு மாதத்தில் எழுதி முடிப்பார் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் படிக்கு ஆயிரம் மாதங்கள், அதாவது 83 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இருபது எழுத்தர்கள் ஒருங்கே அமர்ந்து எழுதினாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அத்தனை ஆண்டுகளும் அவர்களுக்கு உணவும் ஊதியமும் ஓலையும் இடையறாது கிடைக்க வேண்டும். ஒருநாள் உணர்ச்சியில் செய்துவிடக்கூடிய கொடையன்று இது. திட்டமிட்டு, பொருள் ஒதுக்கி, பலரை மேற்பார்வை செய்து நடத்திய அறப்பணி.

சமணர் போற்றும் தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம். பசித்தார்க்கு உணவும், நோயுற்றார்க்கு மருந்தும், அஞ்சினார்க்கு அடைக்கலமும், அறியாமையில் இருப்பார்க்கு நூலும் அளித்தல் இல்லறத்தார் கடமை. முதல் மூன்றின் பயன் கண்ணுக்குத் தெரியும். சாத்திர தானத்தின் பயன் கொடுத்தவர் மறைந்த பின்னரே முழுமையாக விளங்கும். அத்திமப்பே நான்கையும் செய்தார். நான்காவதை அவரைப் போலச் செய்தார் அரியர்.

ரன்னரும் அஜிதபுராணமும்

பழைய நூலைக் காத்ததோடு அவர் அமையவில்லை. புதிய நூல் பிறக்கவும் வழி செய்தார். மும்மணிகளுள் மூன்றாமவராகிய ரன்னர் முதுவொளல் என்னும் ஊரில் வளையல் வணிகர் குடியில் கி.பி. 949இல் பிறந்தவர். அஜிதசேனரிடம் கல்வி பயின்று, முதலில் சாவுண்டராயரால் ஆதரிக்கப்பட்டார். பின்பு சாளுக்கிய அவையில் 'கவிச்சக்கரவர்த்தி' என்று சிறப்பிக்கப்பெற்றார். பீமனையும் துரியோதனனையும் பாடிய அவருடைய கதாயுத்தம் கன்னட நாட்டில் இன்றும் போற்றப்படுவது.

அவ்வரசவைக் கவிஞரை அறநூல் பாட அழைத்தவர் அத்திமப்பே. இரண்டாம் தீர்த்தங்கரராகிய அஜிதநாதரின் வரலாற்றை அவர் விருப்பப்படி ரன்னர் பாடி முடித்தது கி.பி. 993இல். தந்தையும் சிறிய தந்தையும் பொன்னரை வேண்டிச் சாந்திபுராணம் பாடுவித்தனர். மகள் ரன்னரை வேண்டி அஜிதபுராணம் பாடுவித்தார். குடிவழிப் பண்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அஜிதபுராணத்தில் ரன்னர் தம் புரவலரின் குடிவரலாற்றையும் பதிவு செய்துள்ளார். நாகமய்யர் முதல் அண்ணிகதேவன் வரை நான்கு தலைமுறைகளை நாம் அறிய முடிவது பெரிதும் அப்பதிவினால்தான். நூலைக் காத்தவரின் குலத்தை நூல் காத்தது.

ரன்னரின் நன்றியுணர்வைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. அவர் தம் மகனுக்கு ராயன் என்றும் மகளுக்கு அத்திமப்பே என்றும் பெயரிட்டார். முன்னது சாவுண்டராயரின் நினைவு. பின்னது இவ்வம்மையாரின் நினைவு. அமைச்சர் வீட்டு மருமகளின் பெயர் வளையல் வணிகர் குடியில் பிறந்த புலவரின் இல்லத்திலும் ஒலித்தது. குருதி உறவின்றியே அப்பெயர் வழித்தோன்றலைப் பெற்றது.

லக்குண்டிக் கோயில்

இன்றைய கருநாடகத்தின் கதக் மாவட்டத்தில் கதக் நகருக்கு அருகே லக்குண்டி என்னும் ஊர் உள்ளது. அதன் பழம்பெயர் லொக்கிகுண்டி. சாளுக்கியச் சிற்பக்கலையின் அழகிய கோயில்கள் பல அவ்வூரில் நிற்கின்றன. அவற்றுள் பிரமஜினாலயம் எனப்படும் பசதியை எடுப்பித்தவர் அத்திமப்பே. தைலபனின் மகன் சத்தியாசிரய இறிவபெடங்கன் ஆட்சியில், கி.பி. 1007இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அவர் பணிகளை விரித்துரைக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட கொடையின் பொறுப்பை அருகணந்தி பண்டிதர் என்னும் ஆசாரியரிடம் ஒப்படைத்த செய்தியும் அதில் உள்ளது. மழமழப்பான பசிய சாயலுடைய கல்லால் அமைந்த அக்கோயில் திராவிட விமானத்தோடு இன்றும் நிற்கிறது. பதுமாவதி அம்மையின் உருவமும் நான்முக உருவமும் அதன் மண்டபத்தில் உள்ளன.

அவர் பெயரோடு பல அற்புதச் செய்திகளையும் மரபு சேர்த்துள்ளது. கோமடேசுவரரைத் தரிசிக்கும்வரை உணவு கொள்வதில்லை என நோன்பேற்று மலையேறியபோது பருவமல்லாக் காலத்தில் மழை பெய்து அவர் களைப்பைத் தீர்த்தது என்பர். வெள்ளம் பெருகிய கோதாவரி அவர் பக்தியின் முன் தணிந்து நின்றது என்பர். இவற்றை நம்புவோர் நம்புக. ஒரு பெண்மணியின் அறவாழ்வு மக்கள் மனத்தில் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இச்செய்திகள் சான்றாவதை யாரும் மறுக்கவியலாது.

'தானசிந்தாமணி' என்ற பட்டம் இவ்வாறு அமைந்ததே. சிந்தாமணி நினைத்ததைத் தரும் மணி. கொடையில் அம்மணி போன்றவர் என்பது பொருள். 'குணதகணி', அதாவது நற்குணங்களின் சுரங்கம், என்றும் அவரைப் போற்றினர். இவற்றுள் ஒன்றேனும் நாகமய்யரிடமிருந்தோ தல்லபரிடமிருந்தோ வந்ததன்று. குடிவழி அவருக்குக் கொடுக்கும் ஆற்றலையும் கொடுக்கும் மனத்தையும் தந்தது. பட்டத்தை அவரே ஈட்டினார்.

இக்காலத் தமிழகத்தையும் ஒருகணம் நினைவிற் கொள்வது தகும். லக்குண்டிக் கல்வெட்டு எழுந்த அதே காலத்தில் சத்தியாசிரயனின் நாட்டின்மீது சோழப்படை பாய்ந்தது. அரசுகள் பகைகொண்டு நின்ற அவ்வேளையில், இராசராச சோழனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தாதாபுரத்தில் சிவன் கோயிலும் திருமால் கோயிலும் எடுப்பித்ததோடு குந்தவை ஜினாலயத்தையும் எடுப்பித்தார். போளூர்த் திருமலையிலும் அவர் பெயரால் ஜினாலயம் உண்டு. பகைவர் நாடுகளில் வாழ்ந்த இரு பெருமாட்டிகள் ஒரே காலத்தில் அருகன் திருவடிக்குக் கற்றளி அமைத்தனர்.

பட்டத்தின் வழித்தோன்றல்கள்

பதவி மகனுக்குச் சென்றது. 'தானசிந்தாமணி' யாருக்குச் சென்றது? அதன் வழித்தோன்றல்களை அடுத்த நூற்றாண்டுகளில் காணலாம்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் ஹொய்சளப் படைத்தலைவர் கங்கராசரைப் புகழும் சிரவணபெளகொளக் கல்வெட்டு, அத்திமப்பேயின் ஜினபக்தியால் கோதாவரி நின்றதுபோல் கங்கராசருக்குக் காவிரி வழிவிட்டது என்று உவமை கூறுகிறது. பெருவீரர் ஒருவருக்கு உவமையாக ஒரு பெண்மணியை எடுத்துக்கொண்டமை கருதத்தக்கது. அக்கங்கராசரின் மனைவி இலக்குமிமதி அம்மையாரும் நால்வகைத் தானங்களில் சிறந்தவர் என்று பாராட்டப்பெற்று, இறுதியில் சல்லேகனை நோற்றவர்.

நூற்கொடையிலும் இவ்வழி தொடர்ந்தது. சட்கண்டாகமம் திகம்பர சமணரின் முதன்மையான ஆகமம். அதன் உரையாகிய தவளத்தின் சுவடியையும், மகாபந்தச் சுவடியையும் மூடபிதிரி பல நூற்றாண்டுகள் காத்து வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவை அச்சேறியபோது வேறெங்கும் பழைய மூலம் கிடைக்கவில்லை. அச்சுவடிகளை எழுதுவித்தவர் யார்? மகாபந்தச் சுவடியை எழுதுவித்து மாகணந்தி முனிவருக்கு அளித்தவர் சாந்திசேனர் என்பவரின் மனைவி மல்லிகப்பே. சீபஞ்சமி நோன்பை நிறைவு செய்ததன் அடையாளமாக அதனை அளித்தார். தவளச் சுவடியை நோன்பு நிறைவில் சுபசந்திர ஆசாரியருக்கு வழங்கியவரும் தேமியக்கா என்னும் பெண்மணியே. நோன்பு முடிந்தால் நூலெழுதுவித்து வழங்கும் இவ்வழக்கமே ஆகமத்தை நமக்குத் தந்தது. இவர்கள் அத்திமப்பேயின் குடியில் பிறந்தவர்கள் அல்லர். ஆயினும் அவருடைய கொடைமரபில் வந்தவர்கள்.

இன்று கருநாடக அரசு சிறந்த பெண்மணிகளுக்கு வழங்கும் விருதொன்று 'தானசிந்தாமணி அத்திமப்பே' பெயரைத் தாங்கியுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பட்டம் உரியவரைத் தேடிச் சென்றுகொண்டிருக்கிறது.

தமிழ்ச் சமணர் சிந்தைக்கு

தமிழ்ச் சமணர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் வளையாபதி இன்று முழுமையாக இல்லை. உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்ட எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்களே எஞ்சின. அதனை ஆயிரம் படியெடுக்க ஓர் அத்திமப்பே நமக்கு வாய்க்கவில்லை. சீவகசிந்தாமணியோ தப்பியது. தமிழ்ச் சமண இல்லங்களில் அதனை ஏட்டில் காத்து, முறையாகப் பாடம் கேட்டு வந்தவர்கள் இருந்தமையால்தான், டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஐயங்களைத் தெளிந்து 1887இல் அதனைப் பதிப்பிக்க முடிந்தது. குடந்தைச் சமணப் பெருமக்கள் அவருக்குச் செய்த உதவி சாத்திர தானத்தின் மற்றொரு வடிவம்.

கோயில் திருப்பணிக்கு வாரி வழங்குவோர் நம்மிடையே என்றும் உண்டு, அது போற்றுதற்குரியது. அத்திமப்பேயும் கோயில் கட்டினார். ஆனால் கோயிலோடு நூலையும் காத்தார். நம் ஊர்களில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஓலைச்சுவடிகள் இன்னும் எத்தனையோ. ஒருமுறை அச்சாகி மறுபதிப்புக் காணாத சமண நூல்களும் பல. ஒரு நோன்பின் நிறைவில், ஒரு திருமணத்தின் மகிழ்வில், ஒரு பெரியவரின் நினைவில், ஒரு நூலைப் பதிப்பிக்கவோ ஒரு சுவடியைப் படமெடுத்துக் காக்கவோ ஒரு குடும்பம் முன்வருமானால், அது மல்லபய்யர் சகோதரர் தம் குருவின் நினைவாகச் செய்ததற்கும், அவர் மகள் தொடர்ந்ததற்கும் நிகரான பணியே. எழுத்தர் இருபதின்மர் நான்காண்டு அமர்ந்து எழுத வேண்டிய காலம் போய்விட்டது. இன்று ஆயிரம் படி அச்சிடச் சில நாள்கள் போதும். வேண்டுவது கொடுக்கும் மனம் ஒன்றே.

முன்னோரிடமிருந்து நிலமும் பெயரும் நமக்கு வருகின்றன. அவற்றோடு அவர்கள் ஏடுகளும் வருகின்றன. நிலத்தைப் பங்கிட்டுக் கொள்ளப் பலர் வருவர். ஏட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு மகளேனும் ஒவ்வொரு குடியிலும் இருப்பாளாயின், அருகன் அருளிய அறம் இந்நிலத்தில் நின்று நிலவும்.

வாழ்க தானசிந்தாமணியின் புகழ்! வளர்க சாத்திர தானம்!